திருத்தி வாசிக்கவும்

திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். வாசலில் செருகிய குடையிலிருந்து தண்ணீர்கூட இன்னும் வடிந்து முடியவில்லை. அதற்குள் ஜூடோ மன்றத் தலைவன் கோந்தோ பல்கலைக்கழகச் செய்தித் தொடர்புப் பிரிவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். கையில் வெள்ளிக்கிழமை வெளியான 'வளாகச் செய்தி'. நாலாக மடித்து, ஒரு செய்தி மட்டும் மேலே தெரியும்படி பிடித்திருந்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் டோகாஷி. வாராவாரம் அந்த நாலு பக்கத்தையும் எழுதி, பிழை பார்த்து, அச்சுக்கு அனுப்புவது அவர் ஒருவர்தான். ஒன்பது வருஷத்தில் ஒரு எழுத்துப் பிழை வந்ததில்லை. ஒவ்வொரு வரிக்கு அடியிலும் அடிக்கோலை வைத்து, சிவப்புப் பென்சிலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படிப்பார். உலகத்தில் அவருக்கு வேறு பெருமை எதுவும் இல்லை, இது ஒன்றுதான்.

"சார், இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்று கோந்தோ கேட்டான்.

டோகாஷி வாங்கிப் படித்தார். 'பெண்கள் ஜூடோ போட்டியில் நம் பல்கலைக்கழக அணிக்கு முதலிடம். போட்டியின் சிறந்த வீராங்கனையாக நம் தேநீர் மன்ற மாணவி தேர்வு.' நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு முறை படித்தார். அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் முறைதான் கண்ணில் பட்டது. ஜூடோ போட்டியில் தேநீர் மன்றத்துக்கு என்ன வேலை?

ஜப்பானிய எழுத்தில் அந்த இரண்டு மன்றங்களின் பெயரும் அக்கா தங்கை மாதிரி. பின்னால் வரும் எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. முதல் எழுத்து மட்டும் வேறு. அதிலும் அடிப்பாகம் இரண்டுக்கும் மரம் மாதிரிதான் நிற்கும், தலைப்பாகத்தில்தான் வித்தியாசம். அவசரத்தில் பார்த்தால் ஒன்றை மற்றொன்றாக வாசித்துவிடலாம். ஆனால் டோகாஷி அவசரத்தில் எதையும் பார்க்கிறவர் அல்ல.

எழுந்து நின்று, நெற்றி மேசையில் இடிக்கும் அளவுக்கு வளைந்தார். "முழுக்க என் தப்பு. ஜூடோ மன்றம்னு வந்திருக்கணும்."

"தப்பா?" என்றான் கோந்தோ.

"தப்புதான். கண்ணு ஏமாத்திடுச்சு."

கோந்தோ தொண்ணூறு கிலோ ஆள், காது இரண்டும் பாயில் தேய்ந்து தேய்ந்து பணியாரம் மாதிரி உப்பியிருக்கும். அந்தக் காது இரண்டும் சிவந்தன. "அப்படின்னா அது அப்படியே இருக்கட்டும் சார். எங்க பேர் வேண்டாம். விட்டுடுங்க."

சொல்லிவிட்டு வணங்கிவிட்டுப் போனான். பல்கலைக்கழகம் இருக்கும் மட்சுவே நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் டோகாஷி. அங்கே ஒருவர் 'விட்டுடுங்க' என்று சொன்னால், 'விட்டால் சும்மா இருக்க மாட்டேன்' என்று அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும்.

செய்தி வந்தது போட்டியை நடத்திய ஜூடோ சங்கத்திலிருந்து, ஃபேக்ஸில். அலுவலக ஃபேக்ஸ் இயந்திரம் ஒரு மாதமாகத் தாளின் நடுவில் கறுப்புக் கோடு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தது. வீராங்கனையின் பெயர் சரியாக அந்தக் கோட்டுக்குள் போய்விட்டதால்தான் பெயர் இல்லாமல் செய்தி போட்டார். மன்றத்தின் பெயர் தெளிவாக இருந்தது என்றுதான் ஞாபகம். எடுத்துப் பார்த்துவிடலாம் என்றால், வெள்ளிக்கிழமை மாலையே பழைய தாள்களை நறுக்கும் இயந்திரத்தில் போட்டுவிடுவது அவர் வழக்கம். தொட்டியில் இடியாப்பம் போல ஏதோ கிடந்தது. அதில் எது ஜூடோ, எது தேநீர் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சங்கத்துக்கே ஃபோன் போட்டுக் கேட்டுவிடலாமா என்று பிரிவுத் தலைவர் உசுயிடம் கேட்டார். உசுய் ஓய்வு பெற இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அந்த ஒன்பது மாதத்தையும் அலுங்காமல் கடத்திவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை.

"ஃபோன் பண்ணிக் கேட்டா, நமக்குத் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றார் உசுய். "இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்கு? டீ கலக்கிற பிள்ளைங்க யாரையாவது தூக்கிப் போடுமா?"

மத்தியானம் தேநீர் மன்றத் தலைவி மினெகிஷி வந்தாள். மூன்றாம் ஆண்டு மாணவி. பாய்க்குக்கூட வலிக்காமல் நடக்கிறவள். பேசினால் எதிரில் இருப்பவர் சற்றுக் குனிந்தால்தான் கேட்கும். திருத்தம் வருமா என்று கேட்டாள். அடுத்த இதழிலேயே வரும் என்றார் டோகாஷி.

"கொஞ்சம் பெரிசா போடுவீங்களா சார்? எங்களுக்கும் ஜூடோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு. எங்க ஆசிரியை ஹாசுமி அம்மா வாரவாரம் இதைப் படிப்பாங்க."

டோகாஷிக்குப் புரிந்தது. ஹாசுமி அம்மையாரை ஊரே அறியும். நானூறு வருஷத்துத் தேநீர் மரபு. அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது சைக்கிளில் போகிறவர்கள்கூட மணி அடிக்க யோசிப்பார்கள். அப்படிப்பட்டவருடைய சிஷ்யைகளைப் போய் மல்லுக்கட்டுகிறவர்கள் என்று எழுதிவிட்டோமே என்று அவர் கூசிப்போனார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுக் கண் டாக்டரிடம் போனார். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, கண் அருமையாக இருக்கிறது, இந்த வயசுக்குப் பரிசே கொடுக்கலாம் என்றார். அருமையாக இருக்கிற கண் எப்படித் தேநீரையும் ஜூடோவையும் குழப்பும் என்று டோகாஷி வாதாடினார். கடைசியில் டாக்டர் அலுத்துப்போய் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டதும் தரை அரை அடி மேலே வந்துவிட்டது. இரண்டு நாள், இல்லாத படியில் ஏறுகிறவர் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்.

திருத்தத்தை அவர் எட்டு வரியில் எழுதியிருந்தார். எந்தச் செய்தி, எந்தப் பக்கம், யாரிடம் மன்னிப்பு என்று எல்லாம் இருந்தது. உசுய் அதை வாங்கி, தப்பைப் பற்றிப் பேசப் பேசத்தான் அது வளரும் என்று சொல்லி, ஒரே வரியாக வெட்டிக் கொடுத்தார்.

'கடந்த இதழில் தேநீர் மன்றம் என்று வந்த இடங்களில் எல்லாம் ஜூடோ மன்றம் என்று திருத்தி வாசிக்கவும்.'

டோகாஷி அதைக் கண்ணாடியோடு ஒரு முறையும், கண்ணாடி இல்லாமல் ஒரு முறையும் படித்தார். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. வெள்ளிக்கிழமை இதழ் வந்தது.

திங்கட்கிழமை துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து ஃபோன். செயலாளர் அம்மாள் பேசினார். அச்சில் வந்ததைக் கேள்வி கேட்காமல் செய்கிறவர். வரும் சனிக்கிழமை தென்கொரியாவின் புசானிலிருந்து வரும் தோழமைப் பல்கலைக்கழகக் குழுவுக்குத் தேநீர் உபசாரம் செய்யப்போவது ஜூடோ மன்றம்தானே, வரவேற்புப் பதாகையில் பெயரை மாற்றியாகிவிட்டது, ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் கூப்பிட்டேன் என்றார்.

டோகாஷி பழைய இதழைப் பிரித்தார். முதல் பக்கத்தில் ஜூடோ செய்தி. இரண்டாம் பக்கத்தில், அவரே எழுதிய இன்னொரு செய்தி: 'புசான் விருந்தினர்களுக்குத் தேநீர் மன்றம் பாரம்பரிய முறைப்படி தேநீர் வழங்கும்.' வந்த இடங்களில் எல்லாம் என்றுதானே திருத்தம் சொன்னது?

அது வேறு தேநீர் மன்றம், அதாவது அதே தேநீர் மன்றம்தான், ஆனால் அந்த இடத்தில் அது சரி என்று அவர் விளக்க ஆரம்பித்தார். அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு, கடிதம் வெள்ளிக்கிழமையே மின்னஞ்சலில் புசானுக்குப் போய்விட்டது என்றும், பதிலும் வந்துவிட்டது என்றும் சொன்னார். அங்கேயிருந்து வரும் பதிவாளர் இளமையில் ஜூடோ ஆடியவராம். மல்லர்கள் கையால் தேநீர் என்பது எவ்வளவு நுட்பமான கற்பனை என்று வியந்து எழுதியிருந்தாராம். தன் பழைய ஜூடோ உடுப்பையும் எடுத்து வருகிறாராம்.

"துணைவேந்தருக்கு ரொம்ப சந்தோஷம்" என்றார் செயலாளர் அம்மாள். "இது யாரோட யோசனைன்னு கேட்டார். உங்க பேரைச் சொல்லிட்டேன்."

டோகாஷி ஃபோனை வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வாங்கி வைத்திருந்த பலகாரப் பெட்டியோடு தேநீர்க் கூடத்துக்கு ஓடினார். ஏரிப் பக்கம், மூங்கில்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன மரவீடு அது. மழைக்கு முற்றத்து நீலப் பூக்கள் எல்லாம் தலை கவிழ்ந்து நின்றன. கதவை விலக்கினால், உள்ளே ஆறு மல்லர்கள் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிண்ணம், சிட்டுக்குருவிக் குஞ்சைப் பிடித்த மாதிரி. அவர்களுக்கு எதிரில் மினெகிஷி, கிண்ணத்தை எப்படி இரண்டு முறை திருப்புவது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குத் துணைவேந்தர் கடிதமே வந்துவிட்ட பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, அதனால் கற்றுக்கொள்கிறோம் என்றான் கோந்தோ. இதை நானே நேரில் போய்ச் சொல்லி ரத்து பண்ணிவிடுகிறேன் என்று டோகாஷி கெஞ்சினார். வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தலை குனிந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் சண்டையில் இருக்கிறார்களா, சமாதானத்தில் இருக்கிறார்களா என்று டோகாஷிக்குப் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கடைசியில் இருந்த பையன் எழுந்திருக்கப் பார்த்தான். கால் மரத்துப்போயிருந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, காகிதக் கதவைக் கிழித்துக்கொண்டு மூங்கில் தோட்டத்தில் போய் விழுந்தான். விழும்போதும் கிண்ணத்தை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்திருந்தான். கிண்ணம் பிழைத்தது. கதவு போய்விட்டது.

டோகாஷி கோந்தோவைத் தனியே அழைத்தார். கையோடு கொண்டுவந்த பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். "அந்தச் சிறந்த வீராங்கனை யாரு தம்பி? அவங்ககிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும். உங்க மன்றத்துல பொண்ணுங்க ரெண்டு பேர்தானே? நோனோமுராவா?"

கோந்தோ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நோனோமுரா இல்ல சார். அந்த வீராங்கனை இப்போ எங்ககூட இல்ல."

"இல்லையா? எப்போ போனாங்க?"

"போட்டி முடிஞ்ச அன்னைக்கே" என்றான். பெட்டியை வாங்காமலே வணங்கிவிட்டு உள்ளே போனான்.

டோகாஷி அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தார். குடையைப் பிடிக்க மறந்து நனைந்துகொண்டே நடந்தார். போட்டி முடிந்த அன்றைக்கே எப்படி? செய்தி வந்தது அதற்கு அப்புறம் அல்லவா? இல்லை, பையன் நாசூக்காகச் சொல்கிறான். தன் மனம் நோகக் கூடாதென்று நாளை மாற்றிச் சொல்கிறான். உண்மையில் செய்தியைப் பார்த்த அன்றைக்குத்தான் போயிருக்கிறாள். வியர்வை சிந்தி வாங்கிய பெயரை வேறொரு மன்றத்துக்குத் தூக்கிக் கொடுத்தால் யார்தான் இருப்பார்கள்? ஒரு எழுத்து. ஒரே ஒரு எழுத்தின் தலைப்பாகம். அதனால் ஒரு பெண் ஜூடோவையே விட்டுவிட்டாள்.

மற்றவர்கள் கதையும் விபரீதமாகிக்கொண்டிருந்தது. முதல் செய்தியைப் படித்துவிட்டு, மல்யுத்தம் தெரிந்த தேநீர் மன்றம் என்றால் ஏதோ விசேஷம் என்று பதினேழு பேர் அங்கே பெயர் கொடுத்திருந்தார்கள். ஆள் பற்றாமல் மூடும் நிலையில் இருந்த மன்றம் அது. திருத்தம் வந்ததும் அந்தப் பதினேழு பேரும் ஜூடோ கூடத்துக்குப் போனார்கள். சிறந்த வீராங்கனை எங்களிடம் இல்லை என்று கோந்தோ அவர்களைத் திருப்பி அனுப்பினான். இங்கேயும் இல்லை என்று மினெகிஷி அனுப்பினாள். கடைசியில் பதினேழு பேரும் ஈரக் குடைகளோடு டோகாஷியின் மேசைக்கு முன்னால் வந்து, நாங்கள் எதில் சேர்ந்திருக்கிறோம் என்று கேட்டார்கள். தெரிந்தவுடன் சொல்கிறேன் என்றார் டோகாஷி. அதைத்தான் அவரால் உண்மையாகச் சொல்ல முடிந்தது.

தேநீர் உபசாரத்தையாவது சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். உசுய் பல் டாக்டரிடம் போயிருந்த நேரமாகப் பார்த்து, பல்கலைக்கழக இணையதளத்தில் தானே ஒரு அறிவிப்பைப் போட்டார். 'முந்தைய திருத்தம் முழுவதுமாக ரத்து செய்யப்படுகிறது.' சுருக்கமாக, தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் உறைத்தது. முந்தைய திருத்தம் முழுவதுமாக ரத்து என்றால், சிறந்த வீராங்கனையும் மறுபடி தேநீர் மன்றத்துக்கே போய்விட்டாள்.

எடுத்துவிடலாம் என்று கையை நீட்டுவதற்குள் ஃபோன் அடித்தது. ஹாசுமி அம்மையார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு தடவை நடந்தால் பிழை, இரண்டு தடவை நடந்தால் அதற்கு வேறு பெயர் என்று மட்டும் சொன்னார். என் மாணவிகளின் கை, ஒரு துளி சிந்தாமல் தண்ணீரை வார்ப்பதற்கான கை, அதைக் கொண்டு அடுத்தவர் கழுத்துப்பட்டியைப் பிடிக்கிற பெண் என் கூடத்தில் ஒரு நாள்கூட உட்கார முடியாது, இதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றார். டோகாஷி உண்மையிலேயே எழுதி வைத்துக்கொண்டார். சனிக்கிழமை முதல் வரிசையில் எனக்கு ஒரு இடம் வேண்டும் என்று சொல்லி அவர் ஃபோனை வைத்தார்.

அடுத்த ஃபோன் ஜூடோ சங்கத்துச் செயலாளர் நாகாமியிடமிருந்து. எழுபது வயதுக்காரர், காது மந்தம். இணையதளத்தைப் பார்த்தாராம். இவ்வளவு தூரம் அக்கறையாகச் செய்தி போடுகிற பல்கலைக்கழகத்தைத் தன் ஆயுளில் பார்த்ததில்லையாம். சிறந்த வீராங்கனைக்கான கோப்பையில் பெயர் பொறிப்பது இப்போதுதான் முடிந்ததாம். சனிக்கிழமை நானே எடுத்து வந்து சபையில் கொடுக்கிறேன் என்றார்.

"ஐயா, அதுல ஒரு சின்னக் குழப்பம்" என்று டோகாஷி கத்தினார்.

"கூட்டமா? கூட்டம் இருந்தா ரொம்ப நல்லது" என்றார் நாகாமி.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. கிழிந்த கதவை மறைத்துப் பதாகையைக் கட்டியிருந்தார்கள். யார் உபசரிப்பது என்று கடைசி நிமிஷம் வரை முடிவாகாமல், இரண்டு மன்றமும் சேர்ந்தே இறங்கிவிட்டன. மினெகிஷி வெளிர்நீல கிமோனோவில் அடுப்புக்கு முன்னால் அமர்ந்து தேநீரைக் கலக்கினாள். ஜூடோ வெள்ளை உடுப்பில் மல்லர்கள் கிண்ணங்களை ஏந்தி, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பதினேழு பேரும், எதற்கும் இருக்கட்டும் என்று வந்து மண்டியிட்டிருந்தார்கள். புசான் பதிவாளர் தன் பழைய உடுப்பில் வந்திருந்தார். வயிற்றுப் பக்கம் சேரவில்லை என்பதைத் தவிர எல்லாம் கம்பீரமாக இருந்தது. முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் வரிசையில் ஹாசுமி அம்மையார், சாம்பல் நிறப் பட்டில், அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை மினெகிஷியின் மணிக்கட்டிலேயே இருந்தது. ஒரு துளி சிந்தவில்லை. அவர் மெல்லத் தலையசைத்ததை டோகாஷி பார்த்தார். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

அப்போது நாகாமி வந்து சேர்ந்தார். பட்டுத் துணியில் சுற்றிய பெட்டியை மார்போடு அணைத்திருந்தார். டோகாஷி வாசலிலேயே வழிமறித்து, காதருகே குனிந்து, தன் பிழையைச் சுருக்கமாக ஒப்புக்கொண்டார். செய்தியைத் தப்பாகப் போட்டது நான், அதனால் மனம் வெறுத்து அந்தப் பெண் மன்றத்தை விட்டே போய்விட்டாள், இங்கே அவள் இல்லை, கோப்பையை என்னிடம் கொடுத்தால் அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் காலில் விழுந்து கொடுக்கிறேன் என்றார். சொல்லும்போது ஒன்பது வருஷத்துச் சிவப்புப் பென்சில்களும் கண்முன் வந்து போயின.

நாகாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதுவும் கேட்டிருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கூடத்துக்குள் நடந்தார். ஜூடோ மன்றத்து நோனோமுரா வெந்நீர்க் கெண்டியோடு எதிரே வந்தாள். அவளைத் தாண்டினார். கிண்ணத்தோடு நின்ற கோந்தோவைத் தாண்டினார். கோந்தோவின் முகம் வெளுத்தது. பெட்டியைப் பாயில் வைத்துவிட்டு, கலக்கும் கோலைப் பிடித்தபடி உறைந்துபோன மினெகிஷிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். காது மந்தமானவர்களுக்கே உரிய குரலில், முதல் வரிசையிலிருந்து மூங்கில் தோட்டம் வரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஏம்மா மினெகிஷி, ஜூடோக்காரங்களுக்கு ஆள் குறையுதுன்னு கடைசி நேரத்துல வந்து ஆடின நீ, படிவத்துல உன் மன்றம் தேநீர் மன்றம்னு எழுதியிருந்தே, நானும் அதையே ஃபேக்ஸ்ல போட்டுட்டேன், சரிதானே?"